மக்ளே ஆன்ட்டி

2 அக்டோபர் 2024, புதன்

காந்தி ஜெயந்தி. வேலைக்காரி லீவு. தேசப்பிதாவின் புண்ணியத்தில் எழுபத்திரண்டு வயதில் நின்றுகொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

சாயங்காலம் வைத்தமாநிதி வந்தார். எங்கள் மயூர் விஹார் அடுக்குமாடியின் தமிழ் முதியோர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர். ஆடிட்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். காபி கொடுத்தால் டம்ளரின் அடியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"மாமி, இந்த முப்பத்தொண்ணோட இந்திரா காந்தி போய் நாப்பது வருஷம். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் அன்னிக்கு டெல்லியில இருந்தவா. அன்னிக்கு நான் எங்கே இருந்தேன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி ஒரு மலர் போட்டுடலாம். நீங்கதான் எடிட்டர்."

டெல்லியில் தமிழ் பேசும் பெண் என்றாலே மாமிதான். நான் நாகர்கோவில்காரி, பெயர் ஆவுடைநாயகி என்று நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மினிஸ்ட்ரியில் முப்பது வருஷம் அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மை போட்டுப் பிழைத்தவள் என்பதால் ஒப்புக்கொண்டேன். அடுத்தவர் தமிழைத் திருத்துவதைப் போல மனசுக்கு இதமான வேலை வேறில்லை.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "நீயும் ஒரு பக்கம் எழுதணும்லா?"

எழுதலாம், எழுதலாம். அவசரம் என்ன?

4 அக்டோபர், வெள்ளி

முதல் பக்கம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. இவர் கேஸ் ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்தார். "1984 அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை நாக்பூரில் ஆபீஸ் டூர். ஊர் திரும்ப வழியில்லை. லாட்ஜில் மூட்டைப்பூச்சி. இப்படிக்கு, தாணுமாலயன்."

"கொஞ்சம் விரிச்சு எழுதப்படாதா?" என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, மூட்டைப்பூச்சிக்கு முன்னால் 'நிறைய' என்று சேர்த்துக் கொடுத்தார்.

6 அக்டோபர், ஞாயிறு

ஒன்பது பக்கங்கள் வந்துவிட்டன. படித்துப் படித்து வயிறு வலிக்கிறது.

காரைக்குடி கதிரேசன் எழுதியிருக்கிறார்: சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற கலவரத்தின்போது ஒரு சர்தாரைத் தன் அம்பாசிடர் டிக்கியில் படுக்கவைத்து, யமுனைப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டாராம். இந்த மனிதர் கார் ஓட்டப் பழகியது தொண்ணூற்றொன்றில். பழகிய முதல் நாள் பால் பூத்தின் தூணை இடித்தார். பால் பாக்கெட்டோடு பக்கத்தில் நின்றது நான்.

வைத்தமாநிதி இன்னும் ஒரு படி மேலே. இரண்டு சர்தார்களைப் பூஜை அறையில் உட்காரவைத்து, நெற்றியில் நாமம் போட்டு, வந்தவர்களிடம் "என் சித்தப்பா பிள்ளைகள், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருக்கிறார்கள்" என்று சொன்னாராம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு புத்தி எங்கே போயிற்று?

விளிம்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பக்கங்களில் பதினோரு சர்தார்கள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறார்கள். காப்பாற்றத் தமிழர்கள் இத்தனை பேர் வரிசையில் நின்றிருந்தால் அந்த மூன்று நாளில் டெல்லியில் ஒருத்தர்கூடச் செத்திருக்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதை மட்டும் சிரிப்பு வராமல் எழுதுகிறேன்.

9 அக்டோபர், புதன்

மூன்றாம் மாடி மங்களம் மாமி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். சுண்டலில் உப்பில்லை. சொல்லவில்லை, "அமிர்தம்" என்றேன்.

மாமி தன் பக்கத்தைப் பட்டுப் பையில் வைத்துக் கொடுத்தாள். பிரதமரைச் சுட்டது காலை ஒன்பது இருபதுக்கு. மாமிக்கு ஒன்பது மணிக்கே பி.பி.சி. சொல்லிவிட்டதாம். திருத்தவா வேண்டாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். மலர் அச்சானதும் யாராவது கேட்கட்டும்.

மாமியும் கதிரேசனும் நாங்களும் அந்தக் காலத்தில் ஒரே சர்க்கார் குவார்ட்டர்ஸில்தான், வேறு வேறு பிளாக்கில் இருந்தோம். "ஒங்காத்துல அப்போ இன்னொரு பொண்ணு இருந்தாளே, டைப்பிஸ்ட், சிரிச்சுண்டே இருப்பாளே?" என்றாள் மாமி.

இவருடைய தங்கை பகவதி. டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

11 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூஜை. பேனாவைப் பூஜையில் வைத்தாயிற்று. இதைப் பென்சிலால் எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாது.

13 அக்டோபர், ஞாயிறு

வைத்தமாநிதியின் மருமகள் எங்கள் மலரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அது எங்கெங்கோ சுற்றி சண்டிகரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறது. பெயர் பிங்கி கௌர். அவளிடமிருந்து நீளமான பதில் வந்திருக்கிறது. இன்றைய கூட்டத்தில் வைத்தமாநிதி அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

அப்போது பிங்கிக்கு ஆறு வயது. அவள் குடும்பம் ஜலந்தரிலிருந்து மாற்றலாகி எங்கள் குவார்ட்டர்ஸின் பி பிளாக்குக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அக்கம்பக்கம் யார் பெயரும் தெரியாது. நவம்பர் ஒன்றாம் தேதி அப்பா ஆபீஸில் மாட்டிக்கொண்டார். அம்மா, பிங்கி, அண்ணன் மூன்று பேரையும் ஒரு மதராஸி வீட்டில் மூன்று நாள் வைத்துக் காப்பாற்றினார்களாம். பிறகு பஞ்சாபுக்கே போய்விட்டார்கள்.

"முகம் ஞாபகம் இல்லை. கண்ணாடி வளையல் சத்தம்தான் ஞாபகம். நாங்கள் அவரை மக்ளே ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். மூச்சுக்கு மூச்சு அவர் அந்த வார்த்தையைத்தான் சொல்வார், அதனால் அதுதான் பெயர் என்று நினைத்தோம். அவர் உயிரோடு இருந்தால் ஒருமுறை காலைத் தொட வேண்டும்" என்று முடித்திருக்கிறாள்.

"மக்ளேன்னா என்ன பேரு அது?" என்று வைத்தமாநிதி ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் துடைத்தேன்.

14 அக்டோபர், திங்கள்

காலை ஏழு மணிக்கு மங்களம் மாமி வாசலில் நிற்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"நான்தான் ஆவுடை அது! மங்களம்! கொழந்தை வாயில மங்களே மங்களேன்னு வந்து, மக்ளேன்னு ஆயிடுத்து! நேத்து ராத்திரிதான் எனக்கே ஞாபகம் வந்தது."

மூன்று பேரை மூன்று நாள் வீட்டில் வைத்தவளுக்கு நாற்பது வருஷம் கழித்து, அதுவும் வாட்ஸ்அப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. பாவம், வயசாகிறது. கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன். அவளுடைய பக்கத்தைத் திருப்பி வாங்கிப்போனாள். பி.பி.சி.யை எடுத்துவிட்டுப் பிங்கியைச் சேர்க்கப் போகிறாளாம்.

15 அக்டோபர், செவ்வாய்

இவர் நேற்றிலிருந்து பேப்பரை ஒரே பக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறார். கத்தரிக்காய் புளிக்கறி வைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

18 அக்டோபர், வெள்ளி

மங்களம் மாமி பொன்னாடைக்குக் கலர் பார்க்கிறாள். தனக்கே போர்த்தப் போகும் பொன்னாடைக்கு.

20 அக்டோபர், ஞாயிறு

இன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கூட்டத்தில் மாமி மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினாள். பிங்கிக்குப் பருப்பு சாதம் ஊட்டினாளாம். தாலாட்டுப் பாடினாளாம். ஆறு வயசுப் பெண்ணுக்குத் தாலாட்டு! கேட்கக் கேட்க எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. எழுந்துவிட்டேன்.

"மக்ளே இல்ல, மக்களே. எங்க நாகர்கோவில் பக்கம் பிள்ளைகளக் கூப்பிடுகது. ஒத்தப் பிள்ளையானாலும் மக்களேதான். வா மக்களே, இரி மக்களே. இதுல மங்களம் எங்கேருந்து வந்தா?"

வைத்தமாநிதி மூக்கின் மேல் விரலை வைத்தார். "ஒரு பிள்ளைக்குப் பன்மையா?" என்றார். பிறகு அவருக்கு உறைத்தது. "இங்கே நாகர்கோவில் நீங்க ரெண்டு பேர்தானே மாமி. அவர் நாக்பூர்ல மூட்டைப்பூச்சியோட இருந்தார். அப்போ… நீங்களா?"

முப்பது பேர் கை தட்டினார்கள். கதிரேசன் எழுந்து நின்று கும்பிட்டார். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்களாகக் கைதட்டினால் நான் என்ன செய்ய?

இவர் கூட்டம் முடியுமுன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

21 அக்டோபர், திங்கள்

லிஃப்டில் எனக்கு இடம் விட்டு இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். காய்காரன்கூட ஒரு கொத்து மல்லி கூடுதலாகப் போட்டான். நல்லவளாக இருப்பதில் இத்தனை சௌகரியம் உண்டென்று முன்பே தெரியாமல் போயிற்று.

மங்களம் மாமி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் ஒரு சௌகரியம்தான்.

22 அக்டோபர், செவ்வாய்

பிங்கி போன் செய்தாள். ஹிந்தியில் "மக்ளே ஆன்ட்டிஜி" என்று ஆரம்பித்தவள், அழுகையை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி தீபாவளி வருவதால் மலர் வெளியீட்டை நவம்பர் மூன்றுக்குத் தள்ளியிருக்கிறது. அன்று வருகிறாளாம். தனியாக இல்லை. "அம்மாவும் வராங்க. எழுபத்தஞ்சு வயசாகுது, ஆனா கண்ணு ரொம்பத் தெளிவு. அந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்களாம். பார்த்தா யார் யாருன்னு சொல்லிடுவேன்ங்கறாங்க."

ரொம்ப சந்தோஷம் என்றேன். பி.பி. மாத்திரையை இன்று இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

24 அக்டோபர், வியாழன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். டயரியில் மறைத்து யாருக்கு லாபம்? எழுதித் தொலைக்கிறேன்.

1984 நவம்பர் ஒன்று, காலை பதினொரு மணி இருக்கும். பின்பக்கத் தெருவில் டயர் எரிகிற நாற்றம். என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. இவர் நாக்பூரில். கதவைத் தட்டினார்கள். சங்கிலியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரல் அகலம் திறந்தேன். ஒருத்தி, இரண்டு பிள்ளைகள். பையனுக்குத் தலையில் கொண்டை. அவள் ஒன்றும் பேசவில்லை, பிள்ளைகளை முன்னால் தள்ளினாள்.

"இடமில்லை" என்றேன் ஹிந்தியில். இரண்டு அறை வீட்டில் நின்றுகொண்டு சொன்னேன்.

பகவதி அடுக்களையிலிருந்து வந்தாள். "மைனி, மாறுங்க" என்றாள். நான் மாறவில்லை, சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதில் அவளுடைய வளையல் இரண்டு உடைந்தது. கதவைத் திறந்து, "வா மக்களே, உள்ள வா மக்களே" என்று மூன்று பேரையும் இழுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. சமைத்தேன். எல்லோருக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் என் பிள்ளைகள் இரண்டையும் இந்தப் பெண் கொன்றுவிட்டாள், கொன்றுவிட்டாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

இவர் திரும்பி வந்ததும் சொன்னேன்: அவள் இருந்தால் நான் பிள்ளைகளோடு நாகர்கோவிலுக்குப் போய்விடுவேன். ஆசை ஆசையாக டெல்லி வந்து, பரீட்சை எழுதி, டைப்பிஸ்ட் வேலை வாங்கியிருந்த பெண். இருபத்தாறு வயது. பதினெட்டாம் தேதி ரயில் ஏற்றிவிட்டார். எனக்குத் தலைவலி என்று ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, வடசேரியில் தனியாக இருக்கிறாள். கல்யாணம், கருமாதி வீடுகளில் பார்த்தால் "சொகமா மைனி?" என்பாள். "சொகம்" என்பேன். நாற்பது வருஷத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

குளிர் அவளுக்கு ஒத்துக்கொண்டது. நன்றாகவே ஒத்துக்கொண்டது.

26 அக்டோபர், சனி

இவரிடம் போன் நம்பர் கேட்டேன். யாருடையது என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

மணி அடித்ததும் எடுத்தாள். கதை முழுவதும் சொன்னேன், கைதட்டல் உட்பட. அந்தப் பக்கம் தோசை திருப்புகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ள பல் டாக்டரா ஆயிட்டா? கொள்ளாம்! அப்பவே என் கையக் கடிச்சா." சிரித்தாள். பிறகு, "நீங்கதான்னு சொல்லிருங்க மைனி. எனக்கென்ன வந்தது? அந்தக் கெழவி நம்ம ரெண்டு பேரையும் பாத்து நாப்பது வருசம் ஆச்சு, எங்க அடையாளம் தெரியப் போகுது."

"நீ வாறியா? பிளைட்டுல வா."

"நான் எதுக்கு மைனி? எனக்குத்தான் டெல்லிக் குளிர் ஒத்துக்கிடாதே. சொந்தக்காரங்க அத்தன பேரும் எங்கிட்ட அதத்தானே கேக்காவ."

தோசை கருகுகிறது என்று வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் பதிலுக்குத் திட்ட எனக்கு நன்றாக வரும். இப்படி நோகாமல் ஒன்று வைத்தால் என்ன செய்வது?

29 அக்டோபர், செவ்வாய்

மலரின் கடைசிப் புரூஃப் வந்துவிட்டது. மொத்தம் இருபத்திரண்டு பக்கம், பத்தொன்பது சர்தார்கள். பதினேழாம் பக்கம் என்னுடையது, வெள்ளையாக இருக்கிறது. வைத்தமாநிதி இரண்டு தரம் கேட்டுவிட்டார். "தியாகிக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் டயம் உண்டு" என்று கிண்டல் வேறு.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. முறுக்கு பிழிய இவர் மாவை அழுத்தினார், நான் சுற்றினேன். எல்லாம் கோணல். நாங்கள் இரண்டு பேருமே அச்சைத்தான் குறை சொன்னோம்.

"என்ன செய்யப் போற?" என்றார் எண்ணெய் காயும்போது.

"நீங்க அன்னைக்கு என்னைய எதுத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றார். முதல் முறுக்கை எண்ணெயில் போட்டேன்.

3 நவம்பர், ஞாயிறு

ஹால் நிறைய கூட்டம். மங்களம் மாமி முதல் வரிசையில் கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிங்கி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைத் தொட்டாள். தடுக்கப் போனேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

பின்னால் அவள் அம்மா சுர்ஜித் கௌர் மெல்ல நடந்துவந்தாள். வெள்ளைத் துப்பட்டா, கையில் ஊன்றுகோல். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். காது பக்கம் குனிந்து ஹிந்தியில் சொன்னாள்: "நீ இன்னொருத்தி."

சொல்லிவிட்டுச் சிரித்த முகமாக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவளும் கை தட்டினாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டாள். அப்படியே வீட்டுக்கு வந்து சுகமாகப் படுத்திருக்கலாம். பொன்னாடை நல்ல மாம்பழக் கலர் வேறு.

ஆனால் பொன்னாடையைக் கழுத்திலிருந்து எடுத்து, மடித்து நாற்காலியில் வைத்தேன். மைக்கை வாங்கினேன். முதலில் ஹிந்தியில் பிங்கிக்கு, பிறகு தமிழில் மற்றவர்களுக்கு.

"கதவத் தொறந்தது நானில்ல. எங்க நாத்தனார் பகவதி. நான் சங்கிலியப் பிடிச்சிக்கிட்டு இடமில்லன்னு சொன்னவ. காப்பாத்தினதுக்குக் கூலியா அவள ஊருக்கு வெரட்டினதும் நான்தான். பொன்னாடையத் தப்பான ஆளுக்குப் போட்டுட்டீங்க."

பிங்கி என் முகத்தையே பார்த்தாள். நான் மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சுர்ஜித் கௌர்தான் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். தன் மகனின் கொண்டையை அவிழ்த்து, பகவதி இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, என் மகனையும் சேர்த்து நாலு பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்ததைச் சொன்னாள். தடி எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் அவள் ஒரு வார்த்தை ஹிந்தி பேசவில்லையாம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு பாட்டம் திட்டினாளாம். அர்த்தம் தெரியாமலே அவர்கள் பின்வாங்கினார்கள் என்றாள். எனக்கு அர்த்தம் தெரியும். அதை இந்த டயரியில்கூட எழுத முடியாது. நான் அப்போது அடுக்களையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அப்பா உயிரோடு வந்தார், முடியை வெட்டிக்கொண்டு. யார் இந்த அங்கிள் என்று பிங்கி கேட்டாளாம். சுர்ஜித் இதைச் சொல்லும்போது ஹாலில் அழாதவர் இல்லை.

இவர் போனில் பகவதியை வீடியோவில் கூப்பிட்டார். முகம் வந்தது. "ஏ அண்ணா, இதென்ன கூட்டம்! நான் நைட்டியில நிக்கேன்!" என்று வெட்டிவிட்டாள். அழுதுகொண்டிருந்த ஹால் முழுக்கச் சிரித்தது. ஐந்து நிமிடம் கழித்து சேலை கட்டி, பொட்டு வைத்து, அவளே கூப்பிட்டாள்.

"மக்களே, பல்லெல்லாம் ஒழுங்கா பிடுங்குகியா?" என்றாள் பிங்கியிடம். பிங்கிக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

கடைசியில் போனை என் பக்கம் திருப்பினார்கள். "சொகமா மைனி?" என்றாள். "சொகம்" என்றேன்.

5 நவம்பர், செவ்வாய்

என் பக்கம் வராததால் மலர் இன்னும் அச்சாகவில்லை, அன்று மேடைக்கு வந்தது புரூஃப் மட்டும்தான். அதை அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கச் சொல்லி ஒரே நெருக்கடி. நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் பக்கத்துல ஒரு சின்னத் திருத்தம்…"

கதிரேசன் அம்பாசிடரை எடுத்துவிட்டார். டிக்கியும் போயிற்று, சர்தாரும் போனார். மங்களம் மாமி பி.பி.சி.யையும் சேர்த்தே எடுத்துவிட்டு, "நான் ரெண்டு நாள் அழுதுண்டே இருந்தேன், வாசல் பக்கமே போகலை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். இந்த மலரில் அதைவிட நல்ல வரி இல்லை. சொன்னேன். முகத்தைத் திருப்பாமல் போனாள்.

கடைசியாக வைத்தமாநிதி. பூஜை அறை, நாமம் எல்லாவற்றையும் தானே அடித்துவிட்டு வந்தார். "கட்டிலுக்கு அடியில இருந்தேன் மாமி. டிரான்சிஸ்டரோட. மூணு நாள். பக்கத்தாத்து சர்தார்ஜி பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் டிரான்சிஸ்டரை அணைச்சேன், ஆத்துல ஆள் இல்லைன்னு நினைச்சுக்கட்டும்னு." காபியை டம்ளரின் அடியைப் பார்க்காமல் குடித்தார்.

"அப்புறம் அவர்…?" என்றேன்.

தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று இங்கே எழுதவில்லை.

பத்தொன்பது சர்தார்கள் மூன்றாகிவிட்டார்கள். மூன்றும் என் வீட்டில் இருந்தவர்கள்.

6 நவம்பர், புதன்

பதினேழாம் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு மை போடாமல், ஒரே மூச்சில்.

9 நவம்பர், சனி

பத்து மணிக்கு பகவதி கூப்பிட்டாள். இவர் எடுத்து, கேட்டு, போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

"மைனி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தது, திட்டினது எல்லாம் எனக்குப் பாதி மறந்தே போச்சு. அத யாரா இருந்தாலும் செய்வா. எனக்கு மறக்காதது வேற. ரயில் கெளம்புறது வரைக்கும் ஸ்டேஷன் பாலத்துப் படியையே பாத்துட்டு நின்னேன். நீங்க வந்து ஒரு வார்த்த இருன்னு சொன்னா எறங்கிருவேன்னு. ஏன் வரல்ல?"

தலைவலி என்று வாய்வரை வந்தது. நாற்பது வருஷம் பழகின பொய், தானாக வருகிறது.

"ஒன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்தது. நீ செய்தது சரின்னு அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ வீட்டுல இருந்தா தெனமும் தெரியும். அதுக்குத்தான் வெரட்டினேன். தப்பு எம்மேல பகவதி. ஒன் வேலையும் போச்சு, ஊரும் போச்சு. என்னைய மன்னிச்சிரு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"டிசம்பர்ல வாறேன்" என்றாள். குரல் கரகரத்திருந்தது, ஆனால் குறும்பு போகவில்லை. "பிங்கியப் பாக்க இல்ல. ஒங்க வீட்டுக்கு வாறேன். மணி அடிப்பேன். அண்ணன் தொறக்கப்படாது, வேலைக்காரி தொறக்கப்படாது. நீங்கதான் வந்து தொறக்கணும். எவ்வளவு நேரம் எடுக்கியன்னு வெளிய நின்னு எண்ணிட்டு இருப்பேன்."

"முட்டி வலி இருக்கு பகவதி."

"எண்ணுவேன்" என்றாள்.

10 நவம்பர், ஞாயிறு

நான் உட்காரும் நாற்காலியிலிருந்து வாசல் கதவுக்குப் பதினோரு எட்டு. காலையில் இவரை வெளியே நிற்கவைத்து மணி அடிக்கச் சொல்லி நடந்து பார்த்தேன். முதல் தரம் இருபத்தாறு எண்ணினாராம். சாயங்காலம் பத்தொன்பது.

நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன்.